துடக்கு வீட்டுத் தேர்ப் படம்

இணுவிலில் தேர் இழுபடுகிற காலை, தயாளினி வீட்டுக்குள் இருந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கனடாவில் பெரியப்பா செத்து இரண்டு கிழமை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. தகப்பனில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. அந்தத் தம்பிதான் தயாளினியின் அப்பா. அஸ்தியை ஊருக்குக் கொண்டுவந்து கீரிமலைக் கடலில் தம்பி கையால் கரைப்பதாக ஏற்பாடு. அந்த ஒரு நாளுக்காகத்தான் அப்பா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தயாளினியும் அழுதவள்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் துடக்குத் தேரோடு முட்டுகிறது என்று தெரிந்ததும் பாதி அழுகை வேறு பக்கம் போய்விட்டது. கூடப் படிக்கிற தோழிகள் எல்லோரும் ஒரே நிறத்தில் மாம்பழ மஞ்சள் சேலை எடுத்திருந்தார்கள். அவளுடையது அலுமாரிக்குள் மடிப்புக் குலையாமல் கிடந்தது.

அவள் குணம் அப்படி. சின்ன வயதிலேயே பக்கத்து வீட்டில் சிரிப்புக் கேட்டால் சோற்றுக் கோப்பையோடு மதிலுக்கு ஓடுகிறவள். தன்னை விட்டுவிட்டு உலகம் எங்கேயோ சிரிக்கிறது என்ற பயம். இருபத்திரண்டு வயதாகியும் அது போகவில்லை. கைப்பேசி வந்தபிறகு ஊர் மதிலெல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. பிறகு சோறு எங்கே இறங்கும், நித்திரை எங்கே வரும்?

சிவகௌரி ஒரு படம் போட்டாள். ஐந்து மஞ்சள் சேலைகள், தோளோடு தோள் இடித்தபடி. ஒருத்தி குறைகிறாள் என்று பார்க்கிற எவருக்கும் தெரியாது. அதுதான் தயாளினியைச் சுட்டது. குழுவில் மளமளவென்று கதை ஓடியது. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எதைச் செய்தாலும் இப்போதே செய்ய வேண்டும், ஆறின கஞ்சி பழங்கஞ்சி. போன வருசம் தேரடியில் எடுத்த தன் படத்தைத் தேடிப் பிடித்து, சேலை தெரியாமல் முகத்தளவில் வெட்டி, இன்றைய தேர் என்று போட்டுவிட்டாள். அவசரத்தில் சொந்தக்காரருக்கு மறைக்க மறந்துபோனாள், மடைச்சி.

சிவகௌரியிடமிருந்து உடனே வந்தது. "துடக்கோடை வந்தனியே? பெரிய ஆளடி நீ. எங்களிட்டை ஏன் வரேல்லை?" கீழே வரிசையாக இதயங்கள். தயாளினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. திரும்பவும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள்.

அதற்குள் கனடாவிலிருந்து பெரியம்மாவின் வீடியோ அழைப்பு. அப்பா எடுத்தார்.

"தம்பி, அவரின்ரை சாம்பல் இன்னும் கரைக்கேல்லை. உன்ரை மகள் தேர் பாக்கப் போயிருக்கிறாள். இங்கை எல்லாரும் படத்தைப் பாத்திட்டுக் கேக்கினம்."

"இல்லை அண்ணி. அவள் விடியத் தொடக்கம் என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் இருக்கிறாள். உது பழைய படம்."

"அப்ப பழைய படமெண்டு எல்லாரும் பாக்க எழுதிப் போடச் சொல்லு. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா கைப்பேசியை மகள் பக்கம் திருப்பினார். "எழுதிப் போடு பிள்ளை."

எழுதினால்? வீட்டுக்குள் குந்தியிருந்து தேர் காட்டியவள் என்று அந்த ஐந்து பேரும் சாகும்வரை சிரிப்பார்கள். பிறகு ஒரு குழுவிலும் இடமில்லை. அதைவிடச் செத்துப்போகலாம் என்று அவளுக்குப் பட்டது. செத்தவருடைய மனைவி முன்னால் அப்படி நினைக்க வெட்கமாகவும் இருந்தது. திரையில் பெரியம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. தயாளினி நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லைப் பெரியம்மா. இண்டைக்கு எடுத்ததுதான். நான் போனனான்."

பெரியம்மா கத்தவில்லை. "அப்ப நீயும் எனக்குப் பொய் சொன்னனி, தம்பி. அவரை இனி அங்கை கொண்டுவரேல்லை. இங்கையே கரைக்கிறம்." அழைப்பு அறுந்தது. அப்பா திருப்பி எடுத்துப் பார்த்தார். மணி போனது, ஒருவரும் எடுக்கவில்லை.

அவர் மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "பிள்ளை, நீ வீட்டிலைதானே இருந்தனி?" என்று கேட்டார், தன் கண்ணையே நம்பாதவர்போல.

ஓம் என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. இன்னும் காலம் போய்விடவில்லை. பழைய படம் என்று ஒரு வரி போட்டால் பெரியம்மா எடுப்பார், அப்பாவுக்கு அண்ணை திரும்பக் கிடைப்பார். அழுதுகொண்டே கைப்பேசியைத் திறந்தாள்.

சிவகௌரி கேட்டிருந்தாள்: "நாளைக்குத் தீர்த்தத் திருவிழா. எங்களோடை வாறியே?"

அப்பா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். தயாளினி திரையில் விழுந்த கண்ணீரை விரலால் துடைத்துவிட்டு, "வாறன்" என்று எழுதினாள்.