எழுபது பேர் ஓட்டலில் நூற்றுப் பதினெட்டு பேர்

எழுபது பேர் உட்காரக்கூடிய ஓட்டலில் நூற்றுப் பதினெட்டு பேரை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தவன் நான். ஒரு தட்டு கீழே விழவில்லை. ஒருவர் முழங்கைகூட அடுத்தவர் சூப்பில் நனையவில்லை. சரி, ஒருவருடையது நனைந்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு முன்பே நம்பாமல் இருக்க வீட்டிலேயே ஆள் உண்டு. என் மனைவியின் தம்பி. நில அளவை வேலை. நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் வாங்குவான். பதினைந்து அடிப் பாம்பைப் பார்த்தேன் என்றால், "ஒன்றரை அடியா, மண்புழுவா இருக்கும்" என்பான். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தேன் என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்று வருடம் இரண்டு மாதம் என்று பக்கத்தில் இருந்து திருத்தினான்.

அவன் காரில்தான் மூவரும் கிளம்பியிருந்தோம். அவன் ஓட்ட, நான் முன்சீட்டில் பேச, என் மனைவி பின்சீட்டில் தூங்குவதுபோல் நடிக்க, வண்டி நன்றாகவே போனது. வழியில் இருந்த பெரிய நகரத்தில் ஊரே கொண்டாடும் மூன்று ஓட்டல்களைப் போனில் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். ஒரு மாதமாக அதே பேச்சு.

முதல் ஓட்டலின் முதலாளி என் நண்பர், என்னைப் பார்த்தால் வாசலுக்கே ஓடி வருவார் என்று சொல்லியிருந்தேன். வாசலுக்கு வந்தார், உண்மைதான். வரிசையைத் தாண்டி நுழையப் பார்த்த கிழவன் யார் என்று கேட்க வந்தார். பஸ்ஸில் பழக்கம் என்றேன். தான் பிறந்ததில் இருந்து பஸ்ஸே ஏறியதில்லை என்றார். வரிசையின் கடைசிக்குப் போய் நின்றோம். எங்கள் முறை வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஓட்டலுக்கு விடுமுறையே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அதன் கதவில் என் தலை அளவுக்குப் பூட்டு தொங்கியது.

அந்தப் பூட்டின் முன்னால்தான் மச்சினன் பந்தயம் வைத்தான்.

"மாமா, மூணாவது கடையில ரெண்டு மணிக்குள்ள நீங்க உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டா, இனிமே நீங்க சொல்ற எதையும் நான் வகுக்க மாட்டேன். இல்லேன்னா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

வீட்டுக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். பித்தப்பை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தபோதே வழித்தடத்தின் நிறுத்தங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தவன் நான். நர்ஸ் ஒருத்தி தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிக்கொண்டாளாம்.

"எழுதி வாங்கிக்கோடா தம்பி," என்றாள் என் மனைவி. பயணம் தொடங்கியதில் இருந்து அவள் முழுதாகக் கண் திறந்தது அப்போதுதான்.

மூன்றாவது ஓட்டலின் முன்னால் நடைபாதை முழுக்கத் தலைகள். எங்களை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான் மச்சினன். வாசலில் டோக்கன் கொடுப்பவர் தொண்டை கட்டிப்போய்க் கையால் எண்களைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனது நாற்பத்தொன்று. எங்களுடையது எழுபத்து மூன்று. மணி ஒன்று.

கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீளமான பெஞ்சுகள். ஐந்து பேர் பெஞ்சில் மூன்று பேரும் இரண்டு கைப்பைகளும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் ஒருவர் கால் நீட்டிப் போன் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் கைப்பைகளை எழுப்பி மனிதர்களை உட்கார வைத்தவன் எப்படிச் சும்மா இருப்பது? கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கூடவே வைத்திருக்கிறேன். வெட்கக்கேடுதான்.

உள்ளே நுழைந்து ஒரு விசில் கொடுத்தேன். கூடம் முழுக்கக் கரண்டிகள் நின்றன. பழைய பஸ் குரலை எடுத்தேன்.

"தள்ளி உக்காருங்க, பையை மடியில வைங்க. உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு."

பஸ்ஸில் போயிருக்கும் எவரும் அந்தக் குரலுக்கு முதலில் நகர்ந்துவிட்டுத்தான் பிறகு யோசிப்பார்கள். நகர்ந்தார்கள். சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் பருத்த தோளுக்கும் பாதி இடம் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். குழந்தைகள் மடிக்குப் போனார்கள். வெளியே நின்றவர்களை டோக்கன் வரிசைப்படி உள்ளே ஏற்றி, கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார வைத்தேன். என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்காகக் கல்லாவில் இருந்து எழுந்த முதலாளி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். டோக்கன்காரர் நிம்மதியாக ஒரு தம்ளர் வெந்நீர் குடித்தார்.

மூலையில், அவர்களோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்த என் மனைவி. பக்கத்தில் ஒரு சாண் இடம், அதில் அவள் கைப்பை. நான் நேராகப் போய்ப் பையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கனத்த ஆசாமியை உட்கார வைத்தேன். கடைசி ஆள். இரண்டு விசில் கொடுத்தேன். சமையல்காரர் பரிமாறச் சொல்லிவிட்டார்.

"அது உங்களுக்குப் பிடிச்சு வச்ச எடம்," என்றாள்.

கண்டக்டருக்கு என்றைக்கு சீட் இருந்திருக்கிறது? இரண்டு மணி அடித்தபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன், வெறும் வயிற்றோடு.

மச்சினன் வண்டியை எங்கோ ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு, வரும் வழியில் ஒரு பன்னைத் தின்றுவிட்டு வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வகுத்தான்.

"பதினொண்ணே முக்கால் பேரு. சரி, நீங்க சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

என் மனைவி கண்ணால் பார்த்தவள், சாட்சி சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டிக்குள் பரவிய அமைதி அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிப் புன்னகைத்துக்கொண்டு வந்தாள். எனக்கோ தொண்டைக்குள் நூற்றுப் பதினெட்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. யானை அளவு மாடு. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இருபது கிலோமீட்டர் போன பிறகு, மூக்குக் கண்ணாடியை ஓட்டல் மேசையிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னாள். வண்டி திரும்பியது. மச்சினன் மட்டும் உள்ளே போனான். ஐந்து நிமிட வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டான்.

கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தான். ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"மொதலாளி குடுத்தாரு. கூடத்துக் கேமராவுல பதிஞ்சதையே திரும்பத் திரும்ப ஓட்டி, சமையக்காரருக்குக் காட்டிட்டு இருக்காரு." பிறகு சாலையைப் பார்த்துச் சொன்னான். "நீளம் நாப்பது அடி, அகலம் பதினெட்டு. நடந்தே அளந்துட்டேன். எப்படிப் போட்டாலும் எழுபதுக்கு மேல வராது."

நான் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் பந்தயம்தானே.

"ரெண்டு தடவை எண்ணினேன், மாமா. நூத்திப் பதினெட்டு. நெசமாவே நடந்திருக்கு."