ஒரு வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள்

"அவன் விண்ணப்பம் போட்டது நான் சொல்லி. உன்னை யாரு போடச் சொன்னது?"

மாமனார் தள்ளிய வேகத்தில் தட்டு வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. சோறு தரையெல்லாம் சிதறியது. மருமகள் அதைக் கூட்டி அள்ளக் குனியவில்லை. அந்த வீட்டில் அதுவே பெரிய செய்தி.

"யாரும் சொல்லல மாமா. நானாத்தான் போட்டேன்."

"கேட்டியாடி? தானாப் போட்டாளாம்!" என்று அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "ஃபயர் ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தன் வந்து சிரிச்சுட்டுப் போறான். ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேராமே, புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா ஏணி ஏறப் போறாங்களான்னு கேக்கறான்."

தெருவில் அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார். ஆகவே மகனும் அங்கேதான் போக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. மகன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவன். மொட்டைமாடியில் துணி காயப்போடக்கூடச் சுவரோரம் போகாதவன். முன்பு ஒருமுறை தேர்வுக்குப் போய், பாதி ஏணியில் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். வேறொருவன் ஏறி இறக்க வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் அப்பா அவனை மறுபடி போகச் சொல்லியிருந்தார்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏம்மா, உனக்கு இந்த வீட்டுல என்ன கொறை வெச்சோம்? ஆம்பளைங்க படுத்துக் கெடக்கற எடத்துல நீயும் போய்ப் படுப்பியா?"

"ராத்திரி டூட்டி போட்டா அங்கதான் இருக்கணும் அத்தை."

"கூச்சநாச்சம் இல்லாம எப்படிச் சொல்றா பாருங்க!"

"பொறந்த எடம் அப்படி," என்றார் ஏணிக்காரர். "மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவன் பொண்ணு. போனாப் போகுதுன்னு எடுத்தோம். அந்தச் சட்டைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. கண்டவளும் மாட்டிக்கறதுக்கு அது கொடியில காயற துணி இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

ஏன் விண்ணப்பித்தாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் துணிக்கட்டில் தீப்பிடித்தது. எல்லோரும் இறங்கி ஓடிவந்துவிட்டார்கள். பக்கத்து மெஷின்காரப் பெண் மட்டும் மேல்மாடிக் குளியலறையில், உடுத்தியதைத் துவைக்கப் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி சீக்கிரமாகவே வந்தது. ஆட்கள் புகைக்குள் ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்கள். "வெளிய வா! வெளிய வாம்மா!" உள்ளேயிருந்து பதில் வந்தது: "துணி இல்ல... போங்க... துணி இல்ல..." தாழ்ப்பாள் திறக்கவில்லை. "என்னை விடுங்க, நான் கூப்பிட்டா வருவா," என்று இவள் படிக்கட்டில் கதறினாள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ பிடித்துக் கீழே தள்ளினார்கள். கதவை உடைத்தபோது உள்ளே புகை தன் வேலையை முடித்திருந்தது. உடைத்தவர்களில் ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைக் குறை சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை. மூச்சு முட்டிச் சாவதைவிட ஆண்கள் முன் உடம்பு தெரிய நிற்பது பெரிய கேடு என்று அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் யாரும் அன்று படிக்கட்டில் இல்லை. பிணத்தின் மேல் போர்வை போர்த்தும்போதுதான் வந்து சேர்ந்தார்கள்.

தேர்வு நாளன்று ஏணிக்காரர் மைதானத்துக்கு முன்பே போய், நிலைய அதிகாரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒரு காலத்தில் அவரிடம் தொழில் பழகியவர். குரு காது கடித்தால் சிஷ்யன் தலை தானாக ஆடும்.

"கல்யாணமானவ," என்றார் அதிகாரி, அவளை மேலும் கீழும் பார்த்து. "நாளைக்கு வயித்துல ஒண்ணு வந்துட்டா தீயை யாரு அணைக்கறது?"

"வரிசையில முன்னாடி நிக்கறாரே, என் வீட்டுக்காரர், அவருக்கும் கல்யாணமாயிடுச்சுங்க சார். அவரை ஒண்ணும் கேக்கலியே?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கணவன் சிரிக்கவில்லை. அதிகாரியும்தான்.

ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் சோதனை வந்தது. மற்றவர்கள் மணல் அடைத்த பொம்மையைத் தூக்கினார்கள். இவள் முறை வந்ததும் ஏணிக்காரர் அதிகாரியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அதிகாரி கையைத் தட்டி, "புளிமூட்டையைக் கூப்பிடு," என்றார். புளிமூட்டை என்பது தண்ணீர் வண்டியின் டிரைவர். அந்தப் பெயருக்கு அவன் உடம்பு எந்த வஞ்சனையும் செய்யவில்லை.

"மத்தவங்களுக்கு பொம்மைதானே சார்?"

"நெஜ ஆளு பொம்மை மாதிரியா இருப்பான்? முடியலேன்னா இப்பவே சொல்லிட்டுப் போ."

புளிமூட்டை தரையில் மல்லாந்து படுத்தான். அவள் குனிந்து அவன் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டபோது, உதடு அசையாமல் முணுமுணுத்தான்: "தங்கச்சி, நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறேன். கனம் தெரியாது."

கனம் தெரிந்தது. முழங்கால் மடங்கி ஒருமுறை மண்ணில் ஊன்றியது. யாரோ விசிலடித்தான். "கீழ போட்டுராதம்மா, மைதானத்துல பள்ளம் விழும்!" என்று இன்னொருவன் கத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது; ஆனால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி அவனை மெதுவாக இறக்கி வைத்தாள். உதறிக் கொட்டவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஏணிக்காரரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்துக்குள் வந்திருந்தாள். மைதானம் முழுக்கப் பார்த்திருந்தது.

கடைசியில் ஏணி. இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் சாத்தியிருந்தன. கணவன் ஒன்றில் ஏறினான். பாதியில் நின்றுவிட்டான். கம்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த ஏணியில் அவனைக் கடந்துபோன மனைவி, "கீழ பாக்காதீங்க. மெதுவா எறங்கிப் போயிடுங்க. ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஏணிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பொட்டப்பயலே! பொட்டப்பயலே! எறங்குடா!"

அவர் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது அந்த மைதானத்தில் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது ஒரு பொம்பளை.

தேர்ச்சி பெற்றவர்களில் அவளும் இருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமியார் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கணவன் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தோத்தது போதாதுன்னு நீ ஜெயிச்சு வேற காட்டணுமா? நாளைக்குத் தெருவுல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடப்பேன்?"

"உங்க மூஞ்சியோடதான். அதுல என்ன கொறைச்சல்? உங்களுக்கு உசரம்னா பயம். அது குத்தமா? அதை உங்கப்பாகிட்ட நீங்க சொல்லியிருக்கணும். என்கிட்ட வேலைக்குப் போகாதன்னு சொல்லிப் பிரயோஜனமில்ல."

உள்ளேயிருந்து ஏணிக்காரர் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "அந்த வேலையா, இந்த வீடா. இன்னிக்கே முடிவு பண்ணு. அந்தச் சட்டையோட இந்த வாசப்படி மிதிச்சா காலை ஒடைப்பேன்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று துணி மடித்து முடியும்வரை காத்திருந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, பழைய தையல் கூடத்துத் தோழியின் ஒற்றை அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இரண்டாவது பாய் விரிக்க இடமில்லை. ஒரே பாயில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தார்கள்.

பயிற்சி முடிந்து வேலையில் சேரும் நாள் வந்தது. அதற்குள் ஊர்ப் பேச்சு திசை மாறியிருந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு முதல் பெண் வருகிறாள், அதுவும் ஏணிக்காரர் மருமகள் என்று டீக்கடையில் பெருமையாகப் பேசினார்கள். ஏணிக்காரருக்குக் கை குலுக்கல்கள் குவிந்தன. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. "வீட்டுலயே பயிற்சி குடுத்தேன்," என்று ஒரு இடத்தில் சொன்னாராம். வீட்டை விட்டுத் துரத்தியதும் ஒரு பயிற்சிதானே!

நிலையத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பழைய சீருடையில் அவர் உட்கார்ந்திருந்தார்; வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை. பக்கத்தில் மாமியார் புதுப்புடவையில் இருந்தாள். கணவன் வரவில்லை.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "வீரம் ரத்தத்துலயே வரணும். இது மூணாவது தலைமுறை. நம்ம ஐயாவே தன் கையால மருமகளுக்குத் தலைக்கவசம் சூட்டணும்னு கேட்டுக்கறேன்."

கைதட்டலுக்கு நடுவே ஏணிக்காரர் எழுந்து வந்தார். சிவப்புத் தலைக்கவசத்தை இரு கைகளிலும் ஏந்தி அவள் முன் நின்றார். "குனிம்மா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, வாய் நிறையப் பாசத்தோடு. கண்ணில் மட்டும் பழைய ஆள் இருந்தார்.

அவள் குனியவில்லை. இரு கைகளையும் நீட்டினாள். தலைக்கவசத்தை அவர் கையிலிருந்து அமைதியாக வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் அவர் விரல்கள் விடாமல் இறுக்கின. அவள் கொஞ்சம் பலமாக இழுத்தாள். வந்துவிட்டது.

தானே தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றாள்.

வெறுங்கை அப்படியே நீட்டியபடி ஏணிக்காரர் நின்றார். இதுவும் ஒரு முறைமை போலிருக்கிறது என்று நினைத்து, கூட்டம் இன்னொரு தடவை பலமாகக் கைதட்டியது.