ரிலே இருக்க வேண்டிய இடத்தில் நான்

காலையில் சாவியைத் திருப்பினேன். வண்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. மறுபடியும் திருப்பினேன். இந்த முறை அந்த ‘டக்’கும் இல்லை.

எலி வயரைக் கடிக்கவில்லை. ஜவ்வாது மலையின் பனியும் காரணமில்லை. முந்தின நாள் சாயங்காலம் வண்டியின் இரண்டு பேட்டரிகளையும் தடித்த வயர் ஒன்றால் இணைத்துவிட்டு, அதைக் கழற்றாமல் போர்த்திக்கொண்டு தூங்கியவன் நான். உள்ளே இருந்த சின்ன ஃபிரிட்ஜ் விடிய விடிய ஓடி, கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் நாலு பேருக்குப் பரிமாறிய பிரியாணியைப்போல இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து வழித்துத் துடைத்துவிட்டது.

நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. பெயர் ஃபரூக். வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரு தோலைக் கையில் கொடுத்தால் எங்கே கொசு கடித்திருக்கிறது, எங்கே முள் கீறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு வயரைக் கையில் கொடுத்தால் அதன் நிறத்தைச் சொல்வேன், அவ்வளவுதான்.

இருந்தும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, படுக்கை, அடுப்பு, விளக்கு, விசிறி என்று நானே ஒரு வீட்டைக் கட்டினேன். எல்லாம் காஷிஃபாவுக்காக. காஷிஃபா என் மனைவி. நாகூரில் தொடங்கி கடலோரமாகவே கன்னியாகுமரி வரை கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருந்தேன். முதலில் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. பிறகு பிள்ளைகள் படிப்பு. எல்லாம் முடிந்து நான் சும்மா இருக்க ஆரம்பித்தபோது அவளுக்குச் சர்க்கரை வந்து ஊசியில் நின்றுவிட்டது. எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

“இன்சுலின் இருக்குதேங்க. அத எங்க வைக்கிறது?”

“ஃபிரிட்ஜ் வச்சிட்டா வர்றியா?”

“பாக்கலாங்க.”

இந்தப் ‘பாக்கலாங்க’வை நம்பித்தான் ஃபிரிட்ஜ் வந்தது. ஃபிரிட்ஜுக்காக இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது. பேட்டரியை நிரப்பக் கூரைமேல் சோலார் பேனல் ஏறியது. வெயில் இல்லாத நாளில் என்ன செய்வது என்று கவலைப்பட்டதில், வண்டி ஓடும்போதே இன்ஜின் டைனமோவிலிருந்து சார்ஜ் எடுக்கலாம் என்ற ஞானமும் வந்தது. பேனா மாதிரி இருக்கிற இரண்டு இன்சுலின் ஊசிகளுக்காக நான் ஒரு மின்சார வாரியமே நடத்திக்கொண்டிருந்தேன்.

டைனமோவிலிருந்து எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளும் சேர்ந்திருக்க வேண்டும். நின்றதும் பிரிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ், வண்டியைக் கிளப்பும் பேட்டரியையும் காலி பண்ணிவிடும். இந்தச் சேர்த்தலையும் பிரித்தலையும் தானாகச் செய்ய ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது, என் வண்டிக்கு எந்த ரிலே, எவ்வளவு தடிமனான வயர், எத்தனை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறையும் என்பதுதான்.

பேட்டரி கடையில் கேட்டேன். “சூப்பரா ஏறும் பாய்” என்றார்கள். எவ்வளவு நேரத்தில் என்றேன். “ஓட்ட ஓட்ட ஏறும் பாய்.” எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் கோகுல்ராஜ் வண்டிக்குள் வந்து, மெத்தையில் படுத்துப் பார்த்து, விசிறியைப் போட்டுப் பார்த்து, “பண்ணிக்கலாம் பாய்” என்றான். என்ன பண்ணிக்கலாம் என்று கேட்பதற்குள் அவனுக்கு போன் வந்துவிட்டது. வேன் கட்டுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். ஒருவர் ரிலே போதும் என்றார். இன்னொருவர் ரிலே போட்டால் வண்டி எரியும் என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டுக் குழுவை விட்டு வெளியேறினார்கள். என் கேள்வி மட்டும் அங்கேயே கிடந்தது.

கடைசியில் ரிலே இல்லாமலே கிளம்பினேன். ஒரு இரவுதானே, வயரை நானே மாட்டி நானே கழற்றிக்கொள்வேன், ரிலே செய்கிற வேலையை மனுஷன் செய்ய முடியாதா என்று ஒரு திமிர்.

இந்த ஒரு இரவுதான் பரீட்சை. “மொதல்ல மலைக்குப் போய்ப் பாக்கலாம். மருந்து ஜில்லுனு இருந்துச்சுன்னா அப்புறம் நாகூரப் பத்திப் பேசலாம்” என்று காஷிஃபாவே சொல்லியிருந்தாள். ஆலங்காயம் தாண்டி வளைவுகளில் ஏறி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வந்து சேர்ந்தோம். கோவிந்தன் என்கிற விவசாயி, தன் நிலத்து ஓரம் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நான் பார்த்துப் பார்த்து, நல்ல அடர்ந்த புளியமரத்தின் அடியில் நிறுத்தினேன்.

எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்தவன் வேறு எப்படி நிறுத்துவான்? ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து எந்த ஊர் போனாலும் என் கண் முதலில் தேடுவது நிழலைத்தான். கூரைமேல் இருக்கிற பேனல் வெயிலைத் தின்று வாழ்கிற பிராணி என்பது சாயங்காலம் மீட்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு ஏறவில்லை. வெயிலுக்கு நகர்த்தலாமென்றால் வெயிலே மலைக்குப் பின்னால் போய்விட்டது. அப்போதுதான் வயரை மாட்டி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு இன்ஜினை நிறுத்தினேன். நிறுத்தியதும் பிரித்திருக்க வேண்டிய ரிலே, அதாவது நான், சோறு தின்றுவிட்டுக் குறட்டை விட்டது.

கோவிந்தன் வரப்பு வழியாக வந்தார்.

“இன்னா பாய், ஸ்டார்ட் ஆவலயா?”

“பேட்டரி எறங்கிடுச்சுங்க.”

“ரெண்டு கீதுன்னு நேத்து காட்டுனீங்களே?”

“ரெண்டும் எறங்கிடுச்சு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப மூணாவது ஒண்ணு வச்சிருக்கணும்.”

அவருடைய டிராக்டரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பிவிடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. டிராக்டர் எங்கே என்றேன்.

“மச்சான் எட்த்துக்கினு போயிருக்கான். வெற்றிவேலு. வந்துடுவான்.”

“எப்ப வருவாரு?”

“இதோ வந்துடுவான்.”

“இதோன்னா எவ்ளோ நேரம் ஆவும்?”

“இந்தப் பக்கமாதான் போயிருக்கான் பாய். சாமை மூட்டை ஏத்த. ஏத்திட்டா வந்துடுவான்.”

“ஏத்தலன்னா?”

“ஏத்திட்டுதான் வருவான்.”

எனக்குத் தலையை ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. ஹாரன் அடிக்குமே என்று விட்டுவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அதுவும் அடிக்காது.

ஃபிரிட்ஜைத் திறந்து கையை விட்டேன். குளிரே இல்லை. இரண்டு இன்சுலின் பேனாக்களையும் எடுத்து என் துண்டை நனைத்துச் சுற்றினேன். ஈரம் மருந்துக்குள் போய்விடுமோ என்று பயந்து பிரித்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி சுற்றினேன். பரீட்சையில் ஃபெயிலானவன் பேப்பரை மடித்து மடித்து ஒளிப்பதுபோல நான் செய்ததையெல்லாம் காஷிஃபா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தன் மனைவி ஈஸ்வரி டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரே மூச்சில் குடித்தேன். காஷிஃபாவின் டம்ளர் அப்படியே இருந்தது.

“ஐஸ் எங்கனா கிடைக்குமாம்மா?” என்று ஈஸ்வரியைக் கேட்டேன்.

“கடைல இருக்கும். காந்தா கடையத் தொறந்திருந்தா இருக்கும்.”

“தொறந்திருப்பாங்களா?”

“சில நாளு தொறப்பாங்க.”

பேனாக்களோடு நான் செருப்பை மாட்டினேன். அப்போது காஷிஃபா சொன்னாள்.

“ஏங்க, அத வுடுங்க. அது ஒண்ணும் கெட்டுப்போவாது.”

“இன்னாது?”

“தொறந்த பேனா வெளியிலயே நாலு வாரம் இருக்கலாம். வெயில்ல சூட்டுல வைக்காம இருந்தா போதும். இந்த ஊரு குளிருக்கு அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

“யாரு சொன்னா?”

“டாக்டரம்மா.”

“எப்ப?”

“போன வருசம்.”

போன வருஷம். அப்போது நான் சோலார் பேனலைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். இவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலில் நான் ஷாக் வாங்கிய அன்று மஞ்சள் வைத்துக் கட்டியதும் இவள்தான்.

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?” என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஈஸ்வரி டம்ளரை வாங்காமலே வீட்டுப் பக்கம் நடந்தார். கோவிந்தனும் வெற்றிவேலைத் தேடுகிறவர்போல வேறு திசையில் போனார்.

“ஆசையா வயரு இழுத்துக்கினு இருந்தீங்க. பாவம்னு வுட்டேன்.”

“பாவமா! ஃபிரிட்ஜே தேவையில்லன்னா பேட்டரி எதுக்கு? டைனமோ எதுக்கு? கோகுல்ராஜ் கால்ல வுழாத குறையா கெஞ்சினேனே, அது எதுக்கு?”

“கத்தாதீங்க.”

“கத்தல. டீயாவது குடி.”

“வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாங்க.”

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கோபம் தீர்ந்து, அதற்கடியில் இருந்த பயம் வெளியே வந்துவிட்டது. முப்பது வருஷமாக இவளுக்குக் கடலே பிடிக்காதோ? இல்லை, கடலுக்கு என்னோடு போவதுதான் பிடிக்கவில்லையோ? அதைச் சொல்லி என் மனதை நோகடிக்காமல் இருக்கத்தான் இன்சுலினைச் சாக்காக வைத்திருந்தாளா?

“காஷிஃபா, ஒரே ஒரு கேள்வி. கடைக்காரன்லேந்து கோவிந்தன் வரைக்கும் யாரும் எனக்கு நேரா பதில் சொல்லல. நீயாவது சொல்லு. ‘பாக்கலாங்க’ வேணாம். நாகூருக்கு என்கூட வர இஷ்டமா, இல்லயா? இல்லன்னா இல்லன்னு சொல்லு, வண்டிய வித்துர்றேன்.”

அவள் வரப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆள் யாரும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இஷ்டம்தாங்க. யாருக்குக் கடல் பாக்க இஷ்டமிருக்காது?”

“அப்புறம் இன்னா?”

“அரே, இன்னாங்க நீங்க. ஆறு எடத்துல பிளக் பாயிண்டு வச்சீங்க. தலைமாட்டுல லைட்டு, கால்மாட்டுல லைட்டு. கக்கூஸ் எங்க வச்சீங்க? நான் சக்கரக்காரி. ராத்திரில எத்தினி தபா எழுந்திருக்கணும்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க தூங்கிடுவீங்க. நேத்து மத்தியானத்துலேந்து பயந்துக்கினு ஒரு வாய் தண்ணி குடிக்கல நான். உங்ககிட்ட இத எப்டிச் சொல்றதுன்னு மருந்து மேல பழியப் போட்டேன். போதுமா? கதவு வச்ச கக்கூஸ் ஒண்ணு வையுங்க. வர்றேன்.”