புறாவுக்குக் கட்டிய குரல்

பால்கனிக் கம்பியில் நைலான் கயிற்றில் தொங்கி அது சுற்றிக்கொண்டே இருந்தது, வெயில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்குப் புறா பயந்து ஓடும் என்று இந்த அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் பழைய சிடியைக் கட்டுகிறார்கள், நானும் கட்டினேன், புறா ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து அதன்மேலேயே எச்சம் போட்டது, வெள்ளையும் பச்சையுமாக வழிந்தது, இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, புறாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அந்தத் தட்டில் என் அண்ணன் ஜெயதுரை இருந்தான், உடன்குடிப் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் மைக்கைப் பிடித்தவன், ஏறிட்டான் ஏறிட்டான், ஏல கால விடாத, புடி, என்று அவன் கத்தினால் ஆடத் தெரியாதவனுக்கும் தொடை துடிக்கும், ஒரே ஒரு ஆட்டத்தை மைக்செட்காரர் சிடியில் பதிந்து தந்திருந்தார், அண்ணன் இறந்த பிறகு அவன் குரலென்று மிஞ்சியது அது மட்டும்தான், மேலே அவனே கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதியிருந்தான். அண்ணன் மனைவி, என் மைனி, அதை மஞ்சள் துணியில் சுற்றித் தருகிறாள், தம்பி, புள்ள கல்யாணத்துல அவுக கொரல மைக்குல போடணும், நீங்கதான் பென்டிரைவுல ஏத்தித் தரணும், அதுக்கென்ன மைனி, ஒரு நிமிச வேலை என்கிறேன், துணியில் கற்பூர வாசனை, இப்போதும் மூக்கில் இருக்கிறது.

வீட்டில் சிடி போட இருந்தது மகனின் கேம் பெட்டி ஒன்றுதான், டிவிக்குக் கீழே கறுப்பாக, திமிராக உட்கார்ந்திருக்கும், உள்ளே வைத்தேன், உறுமியது, துப்பியது, சட்டையில் துடைத்து வைத்தேன், துப்பியது, பற்பசை தேய்த்துக் கழுவி வைத்தேன், எல்லோரும் சொல்கிற வைத்தியம்தானே, அதற்கும் துப்பியது, உடனே போனை எடுத்து, செத்துப்போச்சு மைனி, சிடி காலி என்றேன், மருத்துவர் மாதிரி, ஒரு தடவ கடையில காட்டிப் பாருங்களேன் தம்பி என்றாள், நான் சிரித்தேன், இந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, இவ்வளவு புது மெஷினே படிக்கல, கடைக்காரன் என்னத்தப் படிச்சுக் கிழிக்கப்போறான் மைனி. மறுநாளே கயிற்றில் கட்டினேன், ஒரு கோடை போனது, ஒரு மழைக்காலம் போனது.

நேற்று கேம் பெட்டியில் மகனின் விளையாட்டு டிஸ்க் சிக்கிக்கொண்டது, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் அடைந்து கிடக்கும் ரிச்சி தெருவில் இம்ரான் என்ற மெக்கானிக் அதைத் திறந்து வைத்திருக்கிறார், பேச்சுவாக்கில், இது சிடியைக்கூடத் துப்பும் பாய் என்கிறேன், அவர் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார், துப்பத்தான் சார் செய்யும், சிடியப் படிக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு லைட்டு வோணும், டிவிடிக்குச் செவப்பு, புது டிஸ்க்குக்கு நீலம், இதுல செவப்பும் நீலமும்தான் கீது, சிடி லைட்ட வைக்கவே இல்ல, இப்போ எவன் சிடி போடறான்னு வுட்டுட்டாங்க, இன்னிக்கு வாங்கின புது சிடியப் போட்டாலும் வெளியதான் தள்ளும், சிடி மேல தப்பே இல்ல சார், ஒரு ஓட்ட டிவிடி பிளேயர்ல போட்டுப் பாருங்க, பேசும். பேசும் என்றார், சீ, தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத அந்தப் பெட்டியும் நானும் ஒரே சாதி, நான் செத்துப்போச்சு என்று சொன்ன அன்றைக்கு அண்ணன் உள்ளே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு ஓடி வந்து கயிற்றை அறுக்கிறேன், குரல் பதிந்திருந்த வெள்ளிப் பூச்சு முழுக்க உரிந்து போயிருக்கிறது, அவன் எழுதிய பெயரில் ஒரு ஜெ மட்டும் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது, கட்டை விரல் பட்டதும் அதுவும் உதிர்ந்தது, அப்போதுதான் போன் அடிக்கிறது, மைனிதான், தம்பி, நாள் குறிச்சாச்சு, கொரல் போனாப் போவுது, அந்தத் தட்ட மட்டும் மறக்காமக் கொண்டாங்க, மணவறையில அவுக படத்துக்குப் பக்கத்துல வைக்கணும், சரி மைனி என்கிறேன், பால்கனிக் குழாயடியில் நின்று பற்பசையைப் பிதுக்கி எச்சத்தைத் தேய்க்கிறேன், தேய்க்கத் தேய்க்க வெறும் கண்ணாடியாகிறது, தூக்கிப் பிடித்தால் அதன் வழியே கம்பி தெரிகிறது, கம்பியில் வந்து உட்காரும் புறா தெரிகிறது, என் அண்ணன் மட்டும் இல்லை.