மில்லுக்குப் போன பேக்

என் கூட்டாளி ஜெபமாலை மில்லுக்குப் பந்து ஆடப் போன நாளில் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. எட்டு வருஷம் எரிந்தது. இதை ஒளிப்பானேன்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே நாலு தடவை சொல்லியாயிற்று. அவரும் நாலு தடவை பத்து அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

நானும் அவனும் தங்கச்சிமடத்துக்காரர்கள். ஒரே கரைவலையில் கயிறு இழுத்தவர்கள், ஒரே கால்பந்து டீமில் பேக் ஆடியவர்கள். கோலிக்கு முன்னால் நிற்கிற ரெண்டு பேரில் அவன் இடது, நான் வலது. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். பேக்கை எவன் தூக்கினான்? கோல் விழுந்தால் மட்டும் எங்கள் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

எங்கள் மைதானம் கடலை ஒட்டிய மணல் தரை. ஆடி மாதத்தில் சோழகக் காற்று தெற்கிலிருந்து ஆளையே தள்ளும். உயர்ந்து வருகிற பந்து எங்கே விழும் என்பது அந்தக் காற்றின் இஷ்டம். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. பந்துக்குப் போகிறவன் பந்தை மட்டும் பார்க்க வேண்டும். மற்றவன் வள்ளத்தின் பாயையோ பனையோலையையோ பார்த்துக் காற்றைக் கணித்துக் கத்த வேண்டும். "முன்ன!" என்றால் பந்து காற்றில் அடிபட்டு முன்னாலேயே விழும். "பின்ன!" என்றால் தலையைத் தாண்டிப் போகும். கேட்டவன் யோசிக்கக் கூடாது, கால் போய்விட வேண்டும். பாயை இறக்கு என்றால் வள்ளத்தில் எவனாவது ஏன் என்று கேட்பானா? அது மாதிரி. பன்னிரண்டு வயதிலிருந்து இப்படித்தான் ஆடினோம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மதுரை மில் ஒன்றிலிருந்து கடுதாசி வந்தது. அவர்கள் டீமுக்கு ஒரு பேக் வேண்டுமாம். ஆட்டத்துக்காகவே வேலை, குடியிருக்க லைன் வீடு, காலுக்கு பூட்ஸ். ரெண்டு பேரும் வந்து ஆடிக் காட்டுங்கள், ஒருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. ரயிலில் ஒரே தூக்குச் சட்டியில் சோறு தின்றுகொண்டு போனோம். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம்தான் என்று பேசிக்கொண்டோம். ரெண்டு பேரும் பொய் சொன்னோம்.

மைதானம் மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு சுவர். என்னை ஒரு பக்கம் போட்டார்கள், ஜெபமாலையை எதிர்ப்பக்கம். என் கூட நின்ற பேக் மதுரைப் பையன். காற்றைச் சொல்லடா என்றால் முழிக்கிறான். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று நிமிர்ந்து பார்த்தேன். மில் புகைபோக்கியின் புகை, பந்து வருகிற திசைக்கு எதிராக விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்று, பந்து முன்னால்தான் விழும் என்று ஓடினேன். மேலே ஓடுகிற காற்று சுவருக்குள்ளே கீழே ஒரு சொட்டு இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பந்து என் தலைக்கு மேலே நிதானமாகக் கடந்து போனது. கோல்.

டீம் மானேஜர் வேல்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்ப்பா, பந்துக்குக் கும்பிடு போடவா முன்னாடி ஓடுன?" என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. நான் ஜெபமாலையைத்தான் பார்த்தேன். அவன் மைதானத்தின் மறுபாதியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தப்பாக ஓடுகிறேன் என்று பந்து வானத்தில் இருக்கும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை. "பின்ன!" என்று ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவனுக்கு பூட்ஸ் அளவு எடுத்தார்கள்.

"அவரு எதிர் டீமுல்ல? எப்படிக் கத்துவாரு?" என்பாள் என் மனைவி ஞானசவுந்தரி. நியாயம்தான். நியாயம் பேசினால் எரிச்சல் அடங்கிவிடுமா?

அதற்கப்புறம் எட்டு வருஷம் அவன் கொடி பறந்தது. கோயம்புத்தூரில் ஆடினான், மதராஸில் ஆடினான், பெங்களூரில் ஆடினான். பேப்பரில் பெயர் வந்தது. கோட்டுப் போட்டு எடுத்த போட்டோவை அவன் அம்மா திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான் அதே கயிற்றை அதே கரையில் இழுத்தேன். மதுரையிலிருந்து யார் வந்தாலும் அவனைப் பற்றி விசாரிப்பேன். என்ன பாசம் என்பார்கள். கால் ஒடிந்தது என்று என்றைக்காவது சேதி வராதா என்றுதான் விசாரித்தேன். "உங்க வயித்தெரிச்சலுக்கு ஒரு அண்டா மோரு காணாது" என்பாள் ஞானசவுந்தரி.

அறுபத்துமூன்றில், சந்தியாகப்பர் திருநாளுக்கு மில் டீமே எங்கள் ஊருக்கு ஆட வந்தது. அன்று காலையில் நான் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஜெபமாலை கரைக்கு வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. இடது முட்டியில் துணிக்கட்டு.

"ஏலே சிலுவை, நல்லாருக்கியாடா?"

"ஏதோ இருக்கேன். தொரைமாருக்கு இங்கன என்ன சோலி?"

அவன் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்தான். "முட்டி போச்சுடா. புதுசா ஒரு பேக்கு வந்திருக்கான், இருபது வயசு. இன்னைக்கு என் பக்கமா ஒரு கோல் விழுந்தா அவனைப் போட்டுருவேன்னு வேல்சாமி சார் சொல்லிட்டாரு. டீம்ல இல்லன்னா மில்லுல வேலை ஏது? லைன் வீட்டையும் காலி பண்ணணும். மூணு பிள்ளைக."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். யார்ட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு, வந்தேன்."

அவன் போனதும் என் மனது செய்த கூத்து இருக்கிறதே! திருநாளுக்கு ஆட்டுக்கறி எடுக்கவே வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. எட்டு வருஷமாகச் சுவருக்குள்ளே ஆடியவன். அவன் கூட நிற்கிற பேக்குக்குச் சோழகம் என்றால் என்னவென்றே தெரியாது. காற்றைச் சொல்ல ஆளில்லை. வாடா மகனே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் காற்று அவர்கள் பக்கம். தட்டுத் தடுமாறிக் கோல் விழாமல் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் பாதியில் சோழகம் எங்கள் முதுகுக்கு வந்தது. நான் எங்கள் பார்வேர்டு சகாயத்தைக் கூப்பிட்டு, "நான் தூக்கி அடிப்பேன். ஜெபமாலை முன்னால ஓடிருவான். அவன் ஓடுனதும் நீ அவன் முதுகுக்குப் பின்னால போயிரு, போதும்" என்றேன். சகாயம் தலையாட்டினான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் என் காலுக்கு வந்தது. வெறுங்காலால் ஓங்கி அடித்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு அடி அடித்ததில்லை. பந்து பனை உயரத்துக்குப் போனது. ஜெபமாலை அண்ணாந்து பார்த்தான். நான் நினைத்தபடியே மதுரைக் கணக்குப் போட்டு ரெண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சகாயம் தயார். கோலி ஒரு ஓரமாக நிற்கிறான். பந்து காற்றில் ஏறிக்கொண்டது.

"பின்ன!"

யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. என் தொண்டைதான் காந்தியது.

சோழகம் அந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் அவன் காதில் போட்டது. அவன் யோசிக்கவில்லை. முட்டிக்கட்டோடு நாலு எட்டுப் பின்னால் ஓடி, எம்பி, சகாயத்தின் தலைக்கு மேலே பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான். ஊரே கைதட்டியது. விசில் ஊதிவிட்டார்கள். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

சகாயம் என்னை அடிக்க வந்தான். "ஏலே, நீ எந்த டீமுலே? கிறுக்குப் பயலே!" கூட்டத்திலிருந்து மணலை வாரி எறிந்தார்கள். அங்கே வேல்சாமி, ஜெபமாலையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். "இந்த வயசுலயும் என்னா ஓட்டம்யா! இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவ நீ." எனக்கு இதைக் கேட்கவா காது இருக்கிறது?

எல்லாரும் போன பிறகு ஜெபமாலை பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். என் பக்கத்தில் நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு மதுரையில எனக்குத் தெரியும்டா. நீ தப்பா ஓடுறேன்னு தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். அவன் வாயிலிருந்து இதைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

"நான் மட்டும் நெனச்சா கத்துனேன்? மூதேவி வாயி, தானாத் தொறந்துக்கிச்சு. போலே, ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவன் போனான். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஆடினான், மில்லிலேயே வேறு வேலையும் கொடுத்தார்கள் என்று கேள்வி. பூட்ஸையும் லைன் வீட்டையும் நான் மனதிலிருந்து விட்டுவிட்டேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க அவனால் முடிந்ததே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.