பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

என் மச்சினி பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக வாயைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்த கதையை நான் ஆரம்பித்தால், லீடு சரியில்லை, முக்கியமானதை முதல் வரியில் சொல்லுங்கள் என்பாள். செய்தியின் முதல் வரிதான் லீடாம். தகவல் தந்தவர் சோர்ஸ். எழுதியவரின் பெயரைச் செய்திக்கு மேலே போட்டால் பைலைன். பைலைன் வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்ததால், அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள்.

என் மனைவிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. அம்மா போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டு வாடகையும் மச்சினியின் படிப்பும் அவள் சம்பளத்தில்தான் ஓடின. என் கடை வருமானம் கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் களைத்து வந்து உட்கார்ந்தவள், மனம் தாங்காமல் கொட்டிவிட்டாள். கத்தி, கத்தரிக்கோலைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. வெறும் வெந்நீரில் போட்டு எடுத்தே ஆபரேஷன் நடக்கிறது. ஒரு பெண்ணுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரிடம் சொன்னால், உன் வேலையைப் பார் என்கிறார்.

மச்சினி அவள் காலைப் பிடித்துவிட்டபடியே கேட்டாள். எப்போதிலிருந்து, எத்தனை ஆபரேஷன், யாருக்கெல்லாம் தெரியும். அக்கறை என்று நினைத்தேன், என்னைச் சொல்ல வேண்டும். எழுந்து போகும்போது என் மனைவி, "வெளியில சொல்லிடாதடி" என்றாள். மச்சினி தலையை ஆட்டினாள்.

முதல் பக்கத்தில் வந்தது. மேலே மச்சினியின் பெயர். சும்மா சொல்லக் கூடாது, லீடு பிரமாதம். நடுவில், ‘பெயர் வெளியிட விரும்பாத ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் ஒருவர்’ என்று இருந்தது. சொன்னது யார் என்று கோடி காட்டாவிட்டால் செய்தி எடுபடாது என்றாராம் தலைமை நிருபர். பெயரைத்தான் மறைத்துவிட்டோமே என்று இவளும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் இருப்பதே ஒரு தியேட்டர். அதில் நர்ஸ் என்று இருப்பதே ஒருத்தி. பெயரைப் போட்டிருந்தால்கூட வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள்.

மத்தியானமே என் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரத்தை அன்றைக்கே பழுது பார்த்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இனி எந்த ஆஸ்பத்திரியும் இவளைச் சேர்க்காது. உள்விஷயத்தை வெளியே விற்றவள் என்று சாயங்காலத்துக்குள் பட்டம் கட்டிவிட்டார்கள்.

மச்சினி வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அதை மறைக்க அவள் பட்ட பாடு எனக்கு அருவருப்பாக இருந்தது. வெளியில் சொல்லாதே என்றது காதில் விழவில்லையா என்று கத்தினேன்.

"விழுந்துச்சு மாமா. ஆனா அக்கா எல்லாத்தையும் சொல்லி முடிச்சப்புறம்தான் அதைச் சொன்னா. ஆஃப் த ரெக்கார்டு, அதாவது இதை எழுதக் கூடாதுன்னா, பேசறதுக்கு முன்னாடியே சொல்லணும், அப்புறம் சொன்னா செல்லாது. ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறாள். தன்னை வளர்த்தவளைக் காட்டிக் கொடுக்கலாமா என்று போய் ஆபீஸில் கேட்டிருக்கிறாள்.

என் மனைவி தட்டு வைத்தாள், பரிமாறினாள், தங்கை சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடியே சொல்லிட்டா எழுத மாட்டே, இல்ல?"

"மாட்டேன்க்கா. சத்தியமா."

"அப்போ இது ஆஃப் த ரெக்கார்டு. யாராவது கேட்டா உனக்கு அக்கா இல்லைன்னு சொல்லிடு. எனக்குத் தங்கச்சி இல்லைன்னுதான் நானும் சொல்லப் போறேன். நாளைக்குள்ள வேற இடம் பாத்துக்கோ."

மச்சினி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.