கொடுக்காத மாத்திரை

விடிந்தும் விடியாத நேரத்தில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள் மணிக்கூண்டு. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி அது. இருபத்திரண்டு கட்டில்கள். யாருக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

போன மாதம்வரை காலை வேளைக்கு நாலு பேர் இருந்தார்கள். முதலாளி அதைப் பாதியாக்கிவிட்டார். இப்போது அவளும் ஒல்லியும்தான். ஒருவரைப் புரட்டி, ஈரத்துணி மாற்றி, அடுத்தவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் ஒல்லியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கும்.

மாத்திரை கொடுப்பதென்றால் கையில் வைத்துவிட்டு நகர்வதல்ல. ஒருவருக்குத் தண்ணீர் புரையேறும்; கூழாகக் கெட்டியாக்கி, முகவாயைத் தாழ்த்திப் பிடித்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும். ஒருத்தி கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். நாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நாலாம் கட்டில் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தவர். வாலிபத்தில் கட்டிய வீடுகளை வாசல்படி முதல் சொல்லுவார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது மட்டும் மனசில் நிற்காது. வேளை தப்பினால் வலிப்பு வரும்.

"தங்கச்சி, மாத்திரை போட்டாச்சா?"

"இல்லண்ணே. இந்தா, அடுத்தது நீங்கதான்."

அப்போதுதான் முதலாளி வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் முன்கூடத்துக்கு வாங்க. ஒன்பது மணிக்குப் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. சோபாவை எல்லாம் இறக்கணும்."

"இன்னும் எட்டுப் பேர் பாக்கி, சார்."

"பத்து நிமிஷத்துல உசுரா போயிடும்? வாம்மா!"

பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. ஒல்லியை முதலில் விட்டார்கள், பிறகு அவளை. மூச்சிரைக்க நாலாம் கட்டிலுக்கு வந்தவளைப் பார்த்துக் கொத்தனார் சிரித்தார். "போட்டாச்சு தங்கச்சி." ஒல்லி கொடுத்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள் என்று ஒல்லி நினைத்திருந்தான்.

பத்து மணிக்கு வலிப்பு வந்தது. நாற்காலியோடு சாய்ந்தவரின் நெற்றி சுவர் மூலையில் பட்டுப் பிளந்தது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் மடியைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிஷங்களை எண்ணினாள். நாலு நிமிஷம். நாலு யுகம்.

நெற்றியில் ஆறு தையல். சாயங்காலம் டாக்டர் வந்து மருந்தை மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி அறைக்குக் கூப்பிட்டு மருந்துத்தாளை நீட்டினார்.

"ஆறு மணிக் கட்டம் காலியா இருக்கு. கையெழுத்தைப் போடு."

"கொடுக்கலையே, சார்."

"கொடுக்கலைன்னா உன் தப்பு. போட்டுட்டா யார் தப்பும் இல்ல."

"போட்டா, மாத்திரை கொடுத்தும் வலிப்பு வந்துச்சுன்னு டாக்டர் நினைப்பாரு. அளவைக் கூட்டிடுவாரு. அப்புறம் கொத்தனாரு பகலெல்லாம் தலையே தூக்க மாட்டாரு, சார்."

"எனக்கே பாடம் நடத்துறியா? சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வரணும். இல்லன்னா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

வெளியே வந்ததும் ஒல்லி புலம்பினான். "போட்டுத் தொலைச்சிடலாம்க்கா. நம்மளை விட்டா வேற ஆளா கிடைக்காது?"

அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தாழ்வாரத்தில் போனாள், வந்தாள். பிந்திக் கொடுத்ததை வேளையில் கொடுத்ததாக அவளும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். அதை நினைக்க நெஞ்சு அரித்தது.

இரண்டு மணிக்கு மாலை வேளைக்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். அந்த வேளையிலும் இரண்டு பேரைக் குறைக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். மருந்துச் சுற்று முடியும்வரை காத்திருந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர்களில் சமையல்கட்டுப் பக்கம் நின்றிருந்த குண்டக்கா, "போன வாரம் நான் ஏழு கட்டம் இப்படித்தான் நிரப்பினேன்" என்றாள். அடுத்து இன்னொருவன். எல்லாரிடமும் ஒரு கணக்கு இருந்தது.

"வேலையை நிறுத்திடுவோம்!" என்று ஒல்லி குதித்தான்.

"நிறுத்தினா சாகுறது யாருடா?" என்றாள் மணிக்கூண்டு. "ஒரு மாத்திரை நிக்கக் கூடாது. பொய்தான் நிக்கணும். கொடுத்தா கொடுத்த நேரத்தை எழுதுவோம். கொடுக்கலைன்னா ஏன்னு எழுதுவோம். மருந்து நேரத்துல சோபா தூக்க ஒருத்தரும் போக வேண்டாம்."

கட்டத்துக்குள் எழுதினாள்: 'கொடுக்கவில்லை. இரண்டே பேர், இருவரையும் வேறு வேலைக்கு அழைத்தார்கள்.' கீழே ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒல்லி கடைசியாகப் போட்டான்.

ஐந்து மணிக்குக் கொத்தனாரின் மனைவி வேலை முடித்து அரக்கப்பரக்க ஓடிவந்தாள். அவர் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். மணிக்கூண்டு தானே முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க இருக்கீங்கன்னுதானே விட்டுட்டுப் போனேன்?" அவள் குரல் உடைந்தது. "உங்களை நம்பித்தானேக்கா?"

"என் தப்பும் இருக்கு, அண்ணி. நான் கேட்டிருக்கணும்."

அவள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்க போடணும்?"

ஏழாவது கையெழுத்தோடு தாளைக் கொடுக்க எழுவருமாக முதலாளி அறைக்கு நடந்தார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் அறையின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுந்தது. கொத்தனாரின் மனைவி முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. டாக்டரின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவள் மறுபடி தட்டினாள், இந்தமுறை உள்ளங்கையால். பக்கத்தில் மணிக்கூண்டின் கையும் சேர்ந்துகொண்டது.